ஊசியும் உள்ளங்கையும்



மனத்தில் ஏறிய சுமை மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அது தோளுக்கு இறங்குகிறது, கழுத்தை இறுக்குகிறது, வயிற்றைக் கலக்குகிறது, இரவில் உறக்கத்தை விரட்டுகிறது. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியேறி வாழும் நம் போன்றோருக்கு இது புதிய செய்தியன்று. ஊரிலே முதிய பெற்றோர். இங்கே பிள்ளைகளின் தேர்வு. எப்பொழுது வருமென்று அறியாத மாற்றல் உத்தரவு. இவற்றையெல்லாம் தாய்மொழியில் சொல்லி ஆற்றிக்கொள்ள அண்டை வீட்டிலே அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை.

இந்நிலையில், மன இறுக்கத்தைப் போக்குவதாகக் கூறும் பெயர்ப்பலகைகள் நகரத்துக் கடைத்தெருக்களில் நம் கண்ணில் படுகின்றன. அவற்றுள் ஒரு சாரார் ஊசி குத்தும் அக்குபங்சர் முறையினர். மற்றொரு சாரார் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் மசாஜ் முறையினர். இவ்விரண்டில் எது சிறந்தது என்று நண்பர்கள் அடிக்கடி வினவுகிறார்கள். அவ்வினாவையே இன்றைய உரையில் ஆராய்வோம்.

முதலில் ஊசியைப் பார்ப்போம். அக்குபங்சர் சீனத்தில் தோன்றி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிவரும் மருத்துவ முறை. உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் சில நாளங்களின் வழியே ஓடுகிறது, அவ்வோட்டம் தடைப்படும்போது நோய் தோன்றுகிறது, குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசியைச் செருகினால் தடை நீங்குகிறது என்பது அம்முறையினரின் கொள்கை. அத்தகைய இடங்கள் 361 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடற்கூற்று அறிவியல் இந்நாளங்களை இதுவரை கண்டதில்லை. ஆயினும் ஊசி குத்தும்போது நரம்புகள் தூண்டப்படுவதும், நோவைத் தணிக்கும் இயற்கைப் பொருள்கள் சில உடலுக்குள்ளேயே சுரப்பதும் 1970ஆம் ஆண்டுகளிலிருந்து ஆராயப்பட்டு வருகின்றன.

இம்முறை நம் நாட்டுக்கு வந்த வரலாறு நினைவுகூரத் தக்கது. ஜப்பானியப் படையெடுப்பால் சீனம் இன்னலுற்றபோது, 1938ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அங்கே அனுப்பியது. அவர்களுள் ஒருவரான டாக்டர் துவாரகநாத் கோட்னீஸ் 1942இல் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். மற்றொருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு, 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று ஊசிமுறையைக் கற்றுவந்து கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். ஆங்கில மருத்துவம் பயின்ற ஒருவரின் கையால் வங்கத்தில் வேரூன்றிய இம்முறைக்கு, மேற்கு வங்க அரசு 1996இல் தனிச் சட்டமே இயற்றியது.

இனி, பதற்றத்துக்கு இது உதவுமா என்பதே கேள்வி. நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, தலைவலி ஆகியவற்றில் ஊசிமுறைக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. ஏறத்தாழ 18,000 நோயாளிகளைப் பற்றிய விவரங்களை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மெய்யூசி பொய்யூசியை விடச் சற்றுக் கூடுதலாக வலியைத் தணிக்கிறது என்று காட்டியது. பொய்யூசி என்பது யாது? தோலைத் தொட்டவுடன் நாடக மேடைக் கத்தியைப் போல உள்ளே மடங்கிக்கொள்ளும் ஊசி. அல்லது முறைப்படியல்லாத இடத்தில் மேலாகக் குத்தும் ஊசி. வியப்பு என்னவென்றால், அப்பொய்யூசி பெற்றவர்களும் கணிசமான நிவாரணம் அடைந்தார்கள். பதற்றத்தைப் பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் சிறியவை. அறுவைச் சிகிச்சைக்கு முன் தோன்றும் அச்சத்தைக் காதுமடலில் குத்தும் ஊசி ஓரளவு தணிக்கிறது என்று அவற்றுள் சில கூறுகின்றன. அதற்கு மேல் உறுதியாகச் சொல்லச் சான்று போதாது.

அடுத்து உள்ளங்கைக்கு வருவோம். தமிழருக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவர்கள் நாம். சித்த மருத்துவம் இதனைத் 'தொக்கணம்' என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலாக ஒன்பது வகையாகப் பிரித்துச் சொல்கிறது. வடக்கே வாழ்வோர் முடிதிருத்தும் கடையில் 'சம்பி' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். அழுத்து, பிசை என்று பொருள்படும் இந்திச் சொல்லின் வழியில் வந்தது அது. 1759இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் சேர்ந்த ஒரு நிலையத்தை நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அத்துறையில் பணிபுரிந்தார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குச் சென்றது. பின்பு தலைக்குத் தேய்க்கும் 'ஷாம்பூ' ஆகி நம்மிடமே திரும்பி வந்தது! சொற்களோடு உழைக்கும் நமக்கு இதைவிட இனிய பயணக்கதை வேறில்லை.

மசாஜுக்கு உள்ள சான்று யாது? 37 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று உண்டு. ஒருமுறை உடம்பு பிடித்துக்கொண்டாலே அப்போதைய பதற்றம் குறைகிறது. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்றுத் தணிகின்றன. பல வாரம் தொடர்ந்தால் எப்போதும் கவலைப்படும் இயல்பும் சோர்வும் குறைகின்றன என்று அது கண்டது. மன இறுக்கத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலை மசாஜ் பெருமளவு குறைக்கிறது என்று விளம்பரங்களில் படிக்கிறோமே, அது மட்டும் நிலைக்கவில்லை. 2011இல் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தபோது அவ்விளைவு மிகச் சிறியது என்று தெரிந்தது.

இங்கே ஓர் ஆய்வைத் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். 2010இல் அமெரிக்காவில் வெளியான அவ்வாய்வில், இடைவிடாத கவலை நோயால் வருந்திய 68 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழுவினருக்கு மசாஜ். இரண்டாம் குழுவினருக்கு உடம்பில் வெதுவெதுப்பான ஒத்தடம். மூன்றாம் குழுவினருக்கு இனிய இசையுடன் அமைதியான அறையில் படுத்திருத்தல் மட்டுமே. பன்னிரண்டு வாரங்களில் ஒவ்வொருவருக்கும் பத்து முறை. முடிவில் யார் வென்றனர்? ஒருவரும் வெல்லவில்லை, ஒருவரும் தோற்கவுமில்லை. மூன்று குழுவினருக்கும் கவலை குறைந்திருந்தது. குழுக்களுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை.

பொய்யூசியும் பயன் தருகிறது. வெறும் அறையும் பயன் தருகிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கைப்பேசியை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் படுத்து, நம் நலத்தையே கருதும் ஒருவரிடம் நம்மை ஒப்படைத்திருக்கிறோமே, நிவாரணத்தின் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்திலேயே அடங்கியிருக்கிறது. ஊசியும் எண்ணெயும் அந்த நேரத்துக்குள் நம்மை அழைத்துச் செல்லும் இரு வாயில்கள். ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதைவிட, எது நமக்குப் பொருந்துவது, எது ஆபத்தற்றது என்று கேட்பதே அறிவுடைமை.

பொருத்தம் எளிதில் விளங்கும். அயலார் தொடுவதில் கூச்சமுடையவர்களுக்கு ஊசிமுறை ஏற்றது. ஊசியைக் கண்டாலே நடுங்குபவர்களுக்குக் கையே ஏற்றது. நாள்பட்ட வலியும் கவலையும் சேர்ந்து வருத்தினால் ஊசியை முயன்று பார்க்கலாம். செலவைக் கருதுவோர் ஒருமுறைக்குரிய கட்டணத்தைப் பார்க்காமல், பத்து முறைக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். வீட்டிலேயே கணவன் மனைவிக்கும், மகள் தாய்க்கும் தோளும் பாதமும் பிடித்துவிடலாம். ஊசியை மட்டும் பயிற்சியில்லாத எவரும் கையில் எடுக்கலாகாது.

இரண்டிலும் எச்சரிக்கை தேவை. ஊசி, உறை பிரிக்காத புதிய ஊசியாக, ஒருமுறையே பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே அதைச் சொல்ல வேண்டும். மார்பில் ஆழமாகக் குத்தப்படும் ஊசி நுரையீரலைத் தைத்துவிடுவது அரிதாயினும் நிகழக்கூடியதே. மசாஜைப் பொறுத்தவரை, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிசையக் கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். முடி வெட்டியபின் கடைக்காரர் அன்போடு தலையைப் பிடித்துக் கழுத்தை இருபுறமும் வெடுக்கென்று திருப்புவார். அதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். கழுத்து நாளம் கிழிந்து பக்கவாதம் நேர அது காரணமாகலாம்.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து வேறொன்று. ஊசிக்கும் எண்ணெய்க்கும் நாள் ஒதுக்கிக்கொண்டே, நோயைக் காணாமல் விட்டுவிடுவதுதான் அது. நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் அதைப் பதற்றம் என்று நாமே முடிவு செய்யாமல், 112 என்னும் எண்ணை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைநடுக்கமும் படபடப்பும் உடல் மெலிவும் தைராய்டுச் சுரப்பி மிகுவதாலும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி வாழ்வே வேண்டாமென்று தோன்றினால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். மறைக்க வேண்டிய குறையன்று. உரையாடல் சிகிச்சையும் மருந்தும் அதற்கு உண்டு. உண்டுவரும் மாத்திரையை நிறுத்திவிடுங்கள், ஊசியே போதும் என்று எவரேனும் கூறினால், அவ்விடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். உறக்க மாத்திரைகளுட் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும்.

வெளிமாநிலத்தில் நமக்குள்ள தனித் தொல்லை மொழி. "மனசே சரியில்லை", "நெஞ்சு படபடக்குது", "ஒண்ணுமே பிடிக்கலை" ஆகிய மூன்றும் தமிழில் மூன்று வேறு நிலைகள். இந்தியில் மருத்துவர் முன் அமர்ந்தவுடன் மூன்றும் 'கப்ராஹட்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பாதி நோய் சொல்லப்படாமலே வீடு திரும்புகிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எத்தனை மணி நேரம் உறக்கம், பசி எப்படி, எடை குறைந்ததா, எந்த நாள் முதல் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மற்றொன்று, 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிப் பணி. அதன் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் இயங்குவது, அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று. லூதியானாவில் இருந்துகொண்டே தமிழில் மனம்விட்டுப் பேச ஒரு வாயில் திறந்திருக்கிறது.

ஆகவே நேயர்களே, ஊசி வேண்டுமா, உள்ளங்கை வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். வாரத்தில் ஒரு மணி நேரம் உடலுக்கு ஓய்வு கொடுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள். எண்ணெய் தோளின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஊசி ஒரு நாளைய பதற்றத்தை அடக்கும். ஆனால் சொல்லாமல் அடைத்து வைத்த துயரத்தை அவ்விரண்டுமே எட்டுவதில்லை. அதை நம் வாயால், நம் மொழியில், நாமேதான் வெளியே கொணர வேண்டும்.