மேற்கோளும் மூலமும்

இலக்கியக் கட்டுரை எழுதும் மாணவர் பலர் மேற்கோளை அணிகலனாகக் கருதுவர். உண்மையில் அது கட்டுரையாளர் கொணரும் சான்று. சான்றெனின், சொன்னவர் யார், அதனால் நிறுவப்படுவது யாது என்னும் வினாக்கள் உடனெழும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1885-ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையெனப் பதிப்பித்தார். ஏட்டிலிருந்து அப்பெருநூல் அச்சேறியது தமிழுலகின் பெரும்பேறு. ஆயினும், அப்பதிப்பின் இறுதி நான்கு இயல்களில் உள்ள உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார்.

இடைப்பட்ட காலத்தில் மெய்ப்பாட்டியல் உரையை எடுத்தாண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். நச்சினார்க்கினியர் சொன்னார் என்பதொன்றையே அவர் ஆதாரமாகக் கொண்டிருப்பின், பெயர் மாறியதும் வாதம் சரிந்திருக்கும். நூற்பாவை முன்வைத்து, உரை அதற்குப் பொருந்துமாற்றை விளக்கியிருப்பின், பெயரைத் திருத்தினாற் போதும், வாதம் நிற்கும்.

ஆதலின், முதலில் மூலத்தின் அடியை வேண்டிய அளவே காட்டுக. அவ்வடி உங்கள் கருத்துக்கு எவ்வாறு துணைசெய்கிறதென அடுத்து விளக்குக. அதன்பின் திறனாய்வாளரைத் துணைக்கொள்க. கைலாசபதியாயினும் சிவத்தம்பியாயினும், அவர் கூற்றை மூலத்தோடு ஒப்பிட்டு, உடன்படும் இடத்தையும் மறுக்கும் இடத்தையும் கூறுக. பிறர் சொல்லை மேற்கோட்குறிக்குள் உள்ளவாறே தருக, பெயரை மறவாதீர்.

இவ்வொழுக்கத்தின் பயன் பெரிது. தகடூர் யாத்திரை என்னும் நூல் மறைந்துவிட்டது. அதன் செய்யுள்கள் சில இன்றும் கிடைப்பதற்கு, பழைய உரைகாரர் அவற்றை மேற்கோளாகக் காட்டியதும் ஒரு காரணம்.