போலி வேறு, கள்ளம் வேறு!
(வட்டக்கோட்டையில் ஆற்றிய உரை)



குளச்சற் போரில் 1741-இல் பிடிபட்டுப் பின் வேணாட்டுப் படைத்தலைவனான ஒல்லாந்தன் டிலனாய் திருத்திக் கட்டிய கோட்டை இது. பெயர் வட்டக்கோட்டை. மதில்மேல் நடந்து பாருங்கள், நாற்கட்டமாகக் கிடக்கும். பெயரில் வட்டம், வடிவில் சதுக்கம்! ஆயினும் இதனைக் கள்ளக்கோட்டை என்பார் எவருமிலர். பெயரும் பொருளும் ஒவ்வாமை மட்டுமே கள்ளமாகாது. ஏமாற்றிப் பறிக்கும் எண்ணம் புகும்போதே கள்ளம் பிறக்கிறது.

ஆங்கிலச் சொற்களை ஆய்ந்து பார்ப்போம். ‘ஃபோர்சரி’ என்பதன் வேர், பட்டறையைக் குறித்த ‘ஃபாப்ரிகா’ என்னும் இலத்தீனச் சொல். இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் கொல்லனின் நேர்மையான தொழிற்சொல்லே, பொய்யாவணம் புனைவதற்கும் பெயராயிற்று. ‘கவுண்டர்ஃபிட்டு’ பழம் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒன்றற்கு எதிராக மற்றொன்றைச் செய்தல் என்பது அதன் பொருள். ‘போகசு’ 1827-இல் அமெரிக்காவில் கள்ளக்காசு அடிக்கும் பொறியைக் குறித்தது. ‘ஃபோனி’ என்பதோ, மோதிரத்தைக் குறிக்கும் ஐரிசுச் சொல்லின் வழிவந்தது என்பர். பொன்முலாம் பூசிய பித்தளை மோதிரத்தை வழியிற் கண்டெடுத்தாற்போல் நடித்து, பொன்விலைக்கு விற்ற எத்தரின் குழூஉச்சொல் அது!

இனி, நம் மொழிக்கு வருவோம். ‘போல்’ என்னும் வேரிற் பிறந்தது போலி. அறம் என்பது அறன் என நிற்பதையும், பந்தல் என்பது பந்தர் என நிற்பதையும் இலக்கணத்தார் போலி என்றனர். அங்கே ஒப்புமை உண்டு, ஏமாற்று இல்லை. கள்ளமோ, களவு கள்வன் என்பவற்றோடு உடன்பிறந்த சொல். கள்ளக்காசு, கள்ளக் கையெழுத்து, கள்ளவோலை என்று எழுத்தறியாத் தாயும் சொல்வாள். ஒப்புமைக்கு ஒரு சொல். வஞ்சத்திற்கு ஒரு சொல்! தமிழன் இரண்டையும் வேர்முதலே பிரித்து வைத்தான்.

ஓலையை ஆய்ந்து முறைசெய்தலும் நமக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. வெண்ணெய்நல்லூர் அவையினர் மூலவோலையை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), பொய்யோலை புனைந்தாரைக் குடவோலைத் தேர்வினின்று விலக்குகிறது. ஆயின் அக்குற்றத்திற்கு அக்கல் இட்ட பெயர் ‘கூடலேகை’ என்னும் வடசொல்! அற்றைநாளிலேயே ஊராள்வோர் சொல் ஒன்று, உழுவோர் சொல் ஒன்று என்றாகிவிட்டதைப் பாருங்கள்.

இன்றும் அதுவே நிலை. பதிவகத் திண்ணையில் ஒரு முதியவரைக் கண்டேன். அவர் நிலத்தை வேறொருவன் தன் கைந்நாட்டிட்டு விற்றுவிட்டான். “இது போர்சரி கேசு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “ஐயா, போர்சரி என்றால் எந்த ஊர்?” என்று என்னைக் கேட்டார் அவர். சிரிப்பதா, அழுவதா? “உங்கள் பெயரால் கள்ளவாவணம் எழுதியிருக்கிறார்கள் பெரியவரே” என்றேன். அப்பொழுதுதான் அவர் கண்கள் சிவந்தன.

1860-ஆம் ஆண்டுத் தண்டச் சட்டம் ஆங்கிலத்தில் பேசிற்று. அதனை அகற்றி 2024 சூலை முதல் நாள் நடப்புக்கு வந்ததன் பெயரோ ‘பாரதிய நியாய சன்கிதா’! ஆங்கிலம் இருந்த நெற்றியில் வடமொழி வந்து அமர்ந்தது. அதன் 336-ஆம் பிரிவும் கேடு சூழும் எண்ணத்தையே குற்றத்தின் உயிராகக் கொள்கிறது. நம் ‘கள்ளம்’ என்னும் ஒருசொல் அதனை உணர்த்தவில்லையா?

தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடி 1956 நவம்பர் முதல் நாள் வென்ற மண் இது. நிலம் மீண்டது, அந்நிலத்தைக் காக்கும் ஆவணத்தின் மொழி மீள வேண்டாவா? முறையீட்டில் ‘கள்ளவாவணம்’ என்றே எழுதுங்கள். கைந்நாட்டிடுமுன் தமிழிற் படித்துக்காட்டச் சொல்லுங்கள். தனக்கு இழைத்த தீங்கின் பெயரை அறியாதவன், அதனை எதிர்ப்பது எங்ஙனம்?

வெல்க தமிழ்!