கையும் கழியும்

திருச்சிற்றம்பலம்.



சற்று முன்னர்ப் பெருமான் திருவீதி எழுந்தருளியபோது நாகசுரத்தில் மல்லாரி ஒலித்ததை அனைவரும் கேட்டோம். கம்பீரநாட்டையில் அமைந்த அவ்விசையைத் தவில் தாங்கிச் சென்றது. அத்தவிலைத் தோளில் சுமந்த அன்பர் நான்கு வீதிகளும் நடந்தே வாசித்தார். நிலைக்கு வந்து சேர்ந்தபோதும் அவருடைய கை சோரவில்லை, ஒலி தளரவில்லை. நம்மில் பலர் கைவீசி நடந்தே களைத்துப் போனோம். அவர் களைக்காத காரணம் யாது? அதனையே இன்று சிந்திக்கலாம் என்று கருதுகிறோம்.

நம் சமயத்தில் தாளக்கருவிக்கு உள்ள இடம் சிறிதன்று. கூத்தப்பெருமான் திருக்கரத்தில் துடி விளங்குகிறது. ஐந்தொழிலுள் படைத்தல் அத்துடியில் நிகழ்வதாக உண்மை விளக்கம் உணர்த்தும். பெருமான் ஆடும்போது குடமுழா முழக்குவோன் வாணன் என்பர் புராணமுடையார். ஐந்து முகங்கள் கொண்ட குடமுழாவைத் திருவாரூரில் இன்றும் காணலாம். திருவீதியில் அத்தொண்டினைச் செய்யும் கருவி தவில்.

தவிலின் உடல் பலாமரத்தைக் குடைந்து செய்யப்பெறுவது. அதற்கு இரு முகங்கள். வலந்தலை பெரியது, இறுக விசித்திருப்பது. விரல்களில் கூடுகள் அணிந்து அதனை வாசிப்பர். தொப்பி எனப்படும் மறுபுறம் சிறியது, சற்றே நெகிழ்ந்திருப்பது. அதனைப் பூவரச மரத்தால் ஆகிய சிறு கழியால் வாசிப்பர். ஒரு கைக்கு விரல், மற்றொரு கைக்குக் கழி. இவ்விரண்டு வேறு தொழில்களும் ஒரே கணக்கில் ஒன்றுபட வேண்டும். இதனைக் கற்பது எளிதன்று.

இதனை நாம் ஏட்டில் படித்துக் கூறவில்லை. பத்து வயதில் நாமும் தவில் கற்க அமர்ந்தோம். ஆசிரியர் பொறுமையே வடிவானவர். தொடக்கத்தில் தவிலை நம்மிடம் தரவில்லை. கழியும் ஒரு மரப்பலகையுமே தந்தார். ‘தகதிமி’ என்ற நான்கையும் ‘தகிட’ என்ற மூன்றையும் வாயாற் சொல்லிக்கொண்டே பலகையில் தட்ட வேண்டும். முதற்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். நமக்கோ அவசரம். பேரொலி எழுப்புவதே வித்தை என்று எண்ணினோம். கழியை இறுகப் பற்றித் தோளிலிருந்து ஓங்கி அடித்தோம். ஆசிரியர் கண்டார்.

“தம்பி, நீ அடிக்கிறாய், தோல் திருப்பித் தருகிறது. தருவதை வாங்கிக்கொள்ள உன் கையில் இடம் இல்லையே!” என்றார்.

நாம் கேட்கவில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் தவிலையே எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாங்காலத்தில் முழக்கினோம். சில திங்களில் மணிக்கட்டு வீங்கிற்று. வலியை வீட்டிலும் மறைத்தோம், ஆசிரியரிடமும் மறைத்தோம். ஒருநாள் திருநீற்றுத் தட்டை ஏந்தவும் கை மறுத்தது. அத்துடன் தவில் நம்மை விட்டுப் போயிற்று. குற்றம் நம்முடையதே. மழை நாள்களில் அக்கை இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

ஆசிரியர் கூறியதன் பொருளைச் சற்று விரித்துரைப்போம். விசித்த தோலில் கழி விழுந்தால் அது தானே மேலெழும்பும். அவ்வெழுச்சியைத் தடுக்காமல் விட்டால் அடுத்த அடிக்கு வேண்டிய தூக்கம் உழைப்பின்றிக் கிடைக்கும். கழியை இறுகப் பற்றினால் எழும்பும் விசை மணிக்கட்டில் சென்று முட்டும், ஒலியும் அடைபடும். நெல் குத்தும் தாய்மார்களைப் பாருங்கள். உலக்கையை அவர்கள் அழுத்துவதில்லை. அதன் எடையாலேயே விழ விடுகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பற்றுகிறோம் அல்லவா? வலிக்கவும் கூடாது, நழுவவும் கூடாது. கழியைப் பற்றும் முறையும் அதுவே.

மற்றொன்றும் உண்டு. முதற்காலத்தில் ஓர் அடி விழும் நேரத்தில் மூன்றாங்காலத்தில் நான்கு அடிகள் விழ வேண்டும். முன்னதில் ஒரு சாண் தூக்கிய கழியைப் பின்னதிலும் ஒரு சாண் தூக்க நேரம் ஏது? ஆகவே விரைவு கூடக்கூடத் தூக்கம் குறைய வேண்டும். தோளும் முழங்கையும் அமைதியுற, மணிக்கட்டும் விரலும் தொழிற்பட வேண்டும். இரு கைகளுள் எது மெலிந்ததோ அதுவே விரைவுக்கு எல்லை. அதனால் ஒரே சொற்கட்டை ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே கொடுத்துப் பழகுதல் நலம். வலி தோன்றினால் நிறுத்துதல் கோழைமை அன்று, அறிவுடைமை.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949), யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்ற மேதைகள் தவிலால் பெரும்புகழ் எய்தினர். அந்நிலைக்கும் படிகள் இவையே, முதற்படி முதற்காலமே.

பிற்காலத்தில் சித்தாந்தப் பாடம் கேட்டபோதுதான் ஆசிரியர் சொல் நம் உள்ளத்தில் முழுவதும் இறங்கிற்று. ‘நானே செய்கிறேன்’ என்று இறுகும் கைதான் ஆணவம். உயிர் முயல வேண்டும். முயற்சியின்றிக் கழி தோலைத் தொடாது. ஆயினும் எழுப்பித் தருவது திருவருள். அதனை ஏற்க நெகிழ்ந்த உள்ளம் வேண்டும். இறுகிய உள்ளத்திற்கு அருள் வாராமலில்லை. வந்த அருளே முட்டி வலியாகிறது.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றை நினைவு கூர்வோம். திருத்தருமபுரத்தில் ஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் வருந்தி யாழையே உடைக்கத் துணிந்தார். பெருமான் அதனைத் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு அருளினார். கருவியை உடைப்பது தொண்டன்று. கருவியைத் தாங்கும் கையை உடைத்துக்கொள்வதும் தொண்டன்று. இயன்ற அளவை நாள்தோறும் தவறாது செய்வதே தொண்டு.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இன்று பல திருக்கோயில்களில் தீபாராதனை வேளையில் மின்சாரத்தால் இயங்கும் முரசு ஒலிக்கிறது. அதற்குக் கை வலிப்பதில்லை. ஆனால் பெருமானைக் காணவும் அதற்குக் கண்ணில்லை. அரசு இசைப்பள்ளிகளில் தேவாரமும் தவிலும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்படுகின்றன. ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். அனுப்பும்போது, “எப்போது அரங்கேறுவாய்?” என்று விரட்டாதீர்கள், “கை வலிக்கிறதா, அப்பா?” என்று கேளுங்கள். அக்கேள்வியை அன்று நம்மிடம் கேட்க ஒருவருக்கும் நாம் இடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், இன்று மேடையில் பேசிக்கொண்டிராமல், பெருமானுக்கு முன்னே தவில் சுமந்து நடந்திருப்போமோ என்னவோ!

அப்பேறு பெற்ற அன்பரை வணங்கி அமைகிறோம்.

திருச்சிற்றம்பலம்.