பிரமாணம் செய்ய மறுத்த மேற்றிராணியார்



பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டைவிட்டு வெளியேறிய மேற்றிராணியார்களெல்லாரும் அரசனுடைய போகத்தில் பங்குபெற்ற பிரபுக்களேயன்றி ஜனங்களுக்கு வேண்டியவர்களல்லர் என்று மேடைதோறும் முழங்குகிறவர்களுக்கு, லெயோன் மேற்றிராசனத்து மேற்றிராணியாராயிருந்த ழான் பிரான்சுவா த லா மார்ஷ் என்பவருடைய சரித்திரத்தையே நான் பதிலாக வைக்கிறேன். அவர் பிரபு குலத்தவர்தாம். இளமையில் சேனையில் சேவித்து இத்தாலியப் போரில் காயமும் பட்டவர்தாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1772-இல் பிரான்ஸின் பிரிட்டனி நாட்டுக் கடலோரத்து லெயோனில் ஏழைக் குடியானவர்களுக்கு மேய்ப்பரான பிறகு அவர் செய்ததென்ன? தானியம் பொய்த்தால் பட்டினியென்றிருந்த அவர்களை உருளைக்கிழங்கு பயிரிடும்படி தூண்டினார். 'உருளைக்கிழங்கு மேற்றிராணியார்' என்றே அவருக்குப் பெயர் வழங்கலாயிற்று. ஜனங்களின் பகைவனுக்கா இப்படியொரு பெயர் வாய்க்கும்?

இனிப் புரட்சியின் நியாயத்தைப் பார்ப்போம். மத அபிப்பிராயத்துக்காக எவரையும் வருத்தலாகாதென்று 1789 ஆகஸ்டில் மனித உரிமைப் பிரகடனம் செய்த அதே தேசிய சபை, ஓராண்டு நிரம்புமுன்பே, 1790 ஜூலையில், குருக்களைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களாக்கி, மாகாணப் பிரிவுக்கொரு மேற்றிராசனமென்று கணக்கிட்டு, லெயோன் மேற்றிராசனத்தை ஒழித்து, மேற்றிராணியாரைக் கத்தோலிக்கரல்லாதாரும் அடங்கிய வாக்காளர் கூட்டமே தேர்ந்தெடுக்கலாமென்று சட்டம் செய்தது. இதற்கு உடன்பட்டுச் சத்தியப் பிரமாணம் செய்யாதவர் பதவியிழப்பாரென்று நவம்பரில் விதித்தது. நிலத்துக்கு வரி கேட்கலாம். யுத்தத்துக்கு ஆள் கேட்கலாம். தன் மனச்சாட்சி பொய்யென்று சொல்வதை ஆண்டவன்மீது ஆணையிட்டு மெய்யென்று சொல்லும்படி ஒருவனைக் கேட்க, முடியரசாயினும் குடியரசாயினும், எந்தச் சர்க்காருக்கு அதிகாரமுண்டு? பிரான்ஸில் மேற்றிராசனங்களை ஆண்டுவந்த 130-க்கும் மேற்பட்டோருள் பிரமாணம் செய்தவர் நால்வரே.

லா மார்ஷ் மறுத்தார். 1791-இல் கள்ளச்சரக்கு ஏற்றும் படகொன்றில் இங்கிலாந்து சேர்ந்தார். ஓடிவிட்டாரென்று ஏளனம் செய்வோரே, ஓடாதவர்களுக்கு நேர்ந்ததை அறிவீர்களா? 1792 செப்டம்பரில் பாரிஸ் கார்மேல் மடத்தில் ஆர்ல் நகரத்து அதிமேற்றிராணியாரும், பொவே, சேந்த் நகரங்களின் மேற்றிராணியார்களும் குருக்கள் பலரோடு வெட்டுண்டு மாண்டார்கள்.

கத்தோலிக்கப் பூசைக்கே 1791-இல்தான் சட்ட அனுமதி கிடைத்த இங்கிலாந்து, துரத்தப்பட்ட குருக்களை ஆயிரக்கணக்கில் ஏற்றுக்கொண்டது. பார்லிமெண்டு அங்கத்தினரான எட்மண்டு பர்க் அவர்களுக்காகப் பொதுஜனங்களிடம் உதவி வேண்டினார். வின்செஸ்டரில் அரச மாளிகையொன்று அவர்களுக்கு உறைவிடமாயிற்று. புராட்டஸ்டண்டு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை 1796-இல் அவர்களுடைய உபயோகத்துக்கென்றே லத்தீன் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது. வந்த உதவியைக் குருக்களுக்குப் பங்கிடும் பாரத்தை லா மார்ஷ் லண்டனில் தம் தலைமேல் சுமந்தார்.

1801-இல் நெப்போலியன் பாப்பரசரோடு உடன்படிக்கை செய்தபோது, இத்தனை இரத்தம் சிந்தக் காரணமான அந்த 1790-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரான்ஸே கைவிட்டது. புதிய அமைப்புக்கு இடமுண்டாகப் பழைய மேற்றிராணியார்கள் பதவி துறக்கவேண்டுமென்று பாப்பரசர் ஏழாம் பத்திநாதர் கேட்டார். லா மார்ஷ் இணங்கவில்லை. திருச்சபையின் உரிமைக்காகச் சகலத்தையும் இழந்தவர் அதன் தலைவர் சொல்லுக்கு இணங்காமற்போனது தவறென்றே நான் கருதுகிறேன்; அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் சுயலாபம் தேடினாரென்று மட்டும் எவரும் சொல்லவேண்டாம்: இணங்கியிருந்தால் பிறந்த மண்ணுக்குத் திரும்பியிருக்கலாம், இணங்காமல் 1806-இல் லண்டனிலேயே காலமானார்.