அடிபட்ட காலும் நம் கடமையும்
(கால்பந்துப் போட்டிப் பரிசளிப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

குமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறை நம் திசையன்விளைக்குத் தொலைவில்லை. அந்த ஊர்க்காரர் மைக்கேல் சூசைராஜ் இடது ஓரத்தில் ஓடி ஆடியவர். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தாவின் ஏடிகே என்று அணி அணியாக மாறினார். 2020 மார்ச்சில் ஏடிகே இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு நவம்பர் 20இல் அடுத்த தொடரின் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தத் தொடரே போயிற்று. ஆனாலும் மீண்டு வந்து, 2022இல் ஒடிசா அணிக்குச் சென்றார்.

பெரிய அணிக்கு மருத்துவர் உண்டு. நம் பிள்ளைக்கு? எண்ணெய் தடவிக் கட்டிக்கொண்டு, அடிபட்டதை வீட்டில் மறைக்கிறான். "பந்தா சோறு போடும்?" என்ற ஏச்சுக்குப் பயம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். பெற்றோரே, ஏசாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளே, மறைக்காதீர்கள், படிப்பையும் விடாதீர்கள். ஓட்டம் எந்த நாளும் நிற்கலாம். நம் மருத்துவ உதவி நிதியில் விளையாட்டுக் காயத்துக்கும் இடம் வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் கேட்பேன், இன்ஷா அல்லாஹ். வசதியுள்ளோர் கை கொடுங்கள்.