இன்ஜின் மாற்றிய ஜீப்



ஆனி, ஆடிச் சாரலில் பாவூர்சத்திரத்தைச் சுற்றியுள்ள செம்மண் தடங்கள் எப்படிக் குழையும் என்று எங்கள் பக்கத்து நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர் போகிற அந்தத் தடங்களில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை வைத்துக்கொண்டு நானும் போய்வருகிறேன். வண்டியைப் பார்க்கிற இளவட்டங்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இன்ஜினை மாத்திட்டா என்ன?"

ஜீப்புக்கு இன்ஜின் மாற்றும் தொழில் நம்மிடம் வேகத்துக்காகப் பிறந்தது அல்ல. 1940-களின் இறுதியில் மும்பையில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது அவை பெட்ரோல் வண்டிகள். பின்னாளில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெருகியதும், மெட்டடார் வேன் இன்ஜினையும் அம்பாசிடர் டீசல் இன்ஜினையும் ஜீப்புக்குள் ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் அந்தக் கணக்கின் பலம் குறைந்தது. கைத்திறன் மட்டும் நின்றது. இப்போது அதைப் "பவர்" வேண்டித் தேடி வருகிறார்கள்.

அந்தக் கைத்திறனை ஒரு லேத் பட்டறையில் கிட்ட நின்று பார்த்தேன். புது இன்ஜினின் பின்முகமும் ஜீப் கியர்பாக்ஸின் முன்முகமும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் கனமான தகடு ஒன்றைக் கடைந்து போட வேண்டும். துளை போடுவது பெரிய காரியமில்லை. கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே நேரில் விழ வேண்டும். மெக்கானிக் டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, அதன் முனையைத் தகட்டுத் துளையின் விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் நகர்ந்தது. கழற்றினார், சீவினார், பூட்டினார். சாப்பாட்டு நேரமும் போய்விட்டது. நாலாவது தடவை முள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கப்புறம்தான் கிளட்ச் தட்டைக் கையில் எடுத்தார். சிற்ப வேலைக்குக் கொடுக்கிற மரியாதையை இந்த வேலைக்கும் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

என் வண்டிக்கு அந்த யோகம் இல்லை. அதற்கு முன்பே வேறொரு பட்டறையில் டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தேன். அங்கே கண்பார்வைதான் அளவு. சில மாதங்களில் கிராங்க் நுனியில் இருக்கும் சின்ன பேரிங் அரைபட்டுப் போனது. கியர் விழ மறுத்தது. இன்ஜின் கனத்தில் முன் ஸ்பிரிங் பட்டைகள் தணிந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொம்'மென்று இடித்தது.

அப்போதுதான் கியர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வில்லிஸ் சி.ஜே.3பி ஜீப்பில் முதல் கியர் விகிதம் 2.80, தனி லிவரில் இருக்கும் லோ கியர் 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. உராய்வில் போனது போக, இழுவையும் அதே அளவு பெருகிச் சக்கரத்தில் இறங்குகிறது. பெருஞ்செலவு செய்து இன்ஜினை மாற்றினால் இழுவை கால் பங்கு கூடலாம், அரைப் பங்கு கூடலாம். லோ கியர் லிவரை ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டரை மடங்கு! மேடேற நமக்கு வேண்டியது குதிரைத்திறன் அல்ல, நிதானமான இழுவை. 2010-இல் வந்த தார் ஜீப் 63 குதிரைத்திறன் இன்ஜினோடும் 105 இன்ஜினோடும் கிடைத்தது. நெடுஞ்சாலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சேற்றில் அந்த வித்தியாசம் எவ்வளவோ சுருங்கிவிடும்.

டயரையும் பாருங்கள். 28 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அழகுக்காக 31 அங்குலம் போட்டால் இழுவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். அப்புறம் இன்ஜினைக் குறை சொல்வது நியாயமில்லை.

டர்போவுக்கு உரிய இடம் மலை. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் பலம் இழக்கும். தென்காசியில் தெரியாத குறை, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே கொழுக்குமலையில் நன்றாகவே தெரியும். ஆனால் பழைய டீசல் இன்ஜின்களில் கம்ப்ரஷன் ஏற்கெனவே அதிகம். அதன்மேல் டர்போவைப் பூட்டி, பம்ப் ஸ்க்ரூவையும் திருகிவிட்டால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம், பிஸ்டன் தாங்காது. பம்ப், நாசில், கம்ப்ரஷன் மூன்றையும் முதலில் சரிபார்க்கச் சொல்வேன். தேய்மானத்தில் போன பலத்தில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிடும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் போல்ட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள்; விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கைக்கு வராமலே போகலாம்.

பிளாக் வெடித்து, உதிரிப் பாகமும் கிடைக்காத வண்டிக்கு இன்ஜின் மாற்றம் மறுபிறவி. அதற்கு டயல் கேஜ் வைத்திருக்கிற மெக்கானிக்கைத் தேடிப் போங்கள், நாலு நாள் காத்திருந்தாலும் சரி.

என் ஜீப்பின் பழைய பெட்ரோல் இன்ஜின் சாக்குப் போட்டு மூடித் தொழுவத்தில் கிடந்தது. சிலிண்டருக்குப் போர் போட்டு, புது ரிங் மாட்டி, அதையே திரும்ப ஏற்றினேன். போன ஆடியில் ஓடைக் கரை மேட்டில் லோ கியர் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். சக்கரம் வழுக்கவில்லை. டுக்கு டுக்கென்று, மாடு ஏறுவதுபோல ஏறியது.