எட்டு எது, ஏழு எது?

பட்டம் பெறும் பிள்ளைகளே, என்னைப் பற்றி உங்கள் கல்லூரி முதல்வர் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அவ்வளவுதான்.

தரவு கையில் இருந்தால் போதும், உலகம் நம் கையில் என்று இப்போது பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களை நான் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக்கு வரச்சொல்வேன். மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியைப் பார்த்து 7ஆம் நூற்றாண்டு என்பார்கள். ஏழு பகுதிகள், பகுதிக்கு ஒரு பண்ணாக வரி வரியாக ஸ்வரங்கள். மாணவர் நலனுக்காகச் செய்தது என்று முடிவில் குறித்திருக்கிறார், தம் பெயரைச் சொல்லாத ஓர் அரசர். உங்களுக்காகத்தான் வெட்டியிருக்கிறார்!

ஆனால் பாடிக் காட்டுங்கள் என்றால் வித்வான்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு விதமாக வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. கீழே தமிழில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று ஒரு குறிப்பு. எட்டு எது, ஏழு எது? நரம்புக் கணக்கு என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. எழுத்து அழியவில்லை, படிக்கும் முறைதான் போய்விட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதைப் போய் யார் வெட்டி வைப்பார்கள்?

எண்களுக்கும் இதே கதிதான். நான் படித்த காலத்தில் கணக்குப் போட ஃபேசிட் என்று ஓர் இயந்திரம், கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தோள் வலிக்கும். அந்த வலியில் ஒரு நன்மை: வீணான எண்ணைப் போட்டுச் சுற்ற மனசு வராது, எங்கிருந்து வந்த எண் என்று முதலில் கேட்போம். உங்கள் கணினிக்குத் தோள் இல்லை.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்கு 1,015 பெண்கள். மாநிலத்துக்கு 996தான். பெண் குழந்தையைப் போற்றும் மாவட்டம் என்று இதை வைத்து மேடையில் பேசிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். அதே கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுங்கள்: 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் சுமார் 960. பெருமை எங்கே போயிற்று? அப்படியென்றால் 1,015 எப்படி வந்தது? கணக்கெடுப்புக் காலம் முழுக்க ஊரில் இல்லாதவரை அந்த வீட்டில் எண்ணுவதில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைக்கிற நம் ஆண்கள் அந்தக் கணக்கில் இல்லை. பெண்களுக்கு ஆயுளும் கூடுதல். யாரை, எங்கே, எந்த நாளில் எண்ணினார்கள் என்று கேட்ட பிறகுதான் 1,015 ஒரு செய்தியாகிறது. அதற்கு முன் அது வெறும் எண். அதை வைத்துத் திட்டம் போடுகிறவர் தப்பான திட்டம்தான் போடுவார்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது அப்பத்தாவைப் பதில் சொல்லவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வந்தவருக்கு ஒரு நாற்காலி போட்டு, கேள்வியை முழுசாகக் கேட்டு, யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் வெளியூரில் இருக்கிறார்கள் என்று நீங்களே சரியாகச் சொல்லுங்கள்.